மேல்நிலை வகுப்பில் கணிதம்: கொள்வதா, விடுவதா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. பதினோராம் வகுப்பில் பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது? குறிப்பாக, கணிதம் உள்ள பிரிவைக் கொள்வதா, விடுவதா? விண்ணப்பத்தை நிரப்பக் கிடைக்கும் அவகாசமோ சில நாட்களே. அந்தச் சில நாட்களில் செய்யும் முடிவு பிள்ளையின் பல ஆண்டுகளை ஆள்கின்றது.

சென்ற கோடையில் நெசவாளரான அங்கத்தினர் ஒருவர் தம் மகளுடன் சங்க அலுவலகத்திற்கு வந்தார். அந்தப் பெண் அறிவியலில் 84 மதிப்பெண்ணும் கணிதத்தில் 63 மதிப்பெண்ணும் பெற்றிருந்தாள். "வாத்தியார் கணக்கு எடுக்கச் சொல்கிறார். அக்கம்பக்கத்தார் எடுத்தால் தேறமாட்டாள் என்கிறார்கள். நாங்கள் படித்தவர்கள் அல்ல, ஐயா, நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேண்டும்" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று அவர்களிடம் நாம் கூறியவை மற்றவர்க்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறோம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ஆம் ஆண்டு தொடங்கியது. மாணவர் இரு மொழிப் பாடங்களோடு வேறு நான்கு பாடங்களையும் பயில்கின்றனர். இயற்பியல், வேதியியல் ஆகியவற்றோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு ஒன்று. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்தது மற்றொன்று. கணிதமின்றி உயிரியல் பயிலும் பிரிவும், வணிகவியல் பிரிவுகளும், தொழிற்கல்விப் பிரிவுகளும் உண்டு.

பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிடுகின்றனர். அதில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதிப் பங்கு கணிதத்தினுடையது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. நம் பிள்ளைகள் பலருக்கு இது பெரும் வாய்ப்பு. மருத்துவத்திற்குரிய நீட் தேர்விலோ கணிதம் தனிப்பாடமன்று. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவையே உள்ளன. ஆகவே, எல்லாப் படிப்புக்கும் கணிதம் வேண்டும் என்பதும் தவறு. எதற்கும் வேண்டாம் என்பதும் தவறு.

இனி, பாடத்தின் தன்மையைப் பார்ப்போம். பதினோராம் வகுப்புக் கணிதநூலில் 12 இயல்கள் உள்ளன. கணங்கள், முக்கோணவியல், அணிகள், வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு முதலியன அவற்றுள் அடங்கும். பத்தாம் வகுப்பில் மாதிரிக் கணக்கை மனனம் செய்து தேறியவர், இங்கு முதல் மாதத்திலேயே திணறக்கூடும். காரணம் அறிந்து செய்தவருக்கோ, முன்பு மதிப்பெண் சற்றுக் குறைந்திருந்தாலும், நிலம் பழகிவிடும்.

இப்பாடம் நமக்கு அயலானதா? நெசவாளர் பாவுக்கு நூல் கணிப்பதை நோக்குவோம். ஒரு சிட்டம் 840 கெஜம். 60-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 60 சிட்டம். 3,600 இழைகள் கொண்ட 70 கெஜப் பாவுக்கு 300 சிட்டம், அதாவது 5 பவுண்டு நூல் வேண்டும். இதற்கு மேல்நிலைக் கணிதம் வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆனால் கட்டத்தாளில் பூவேலைக்குப் புள்ளி வைப்பவர் செய்வது யாது? பாவிழை எழும் கட்டத்தை நிரப்புகிறார். எழாத கட்டத்தை வெறுமையாக விடுகிறார். முன்னதை 1 என்றும் பின்னதை 0 என்றும் எழுதினால், பன்னிரண்டாம் வகுப்பின் இறுதி இயலில் வரும் பூலியன் அணியின் வடிவம் கிடைத்துவிடும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த தறியின் துளையிட்ட அட்டைகளைப் பார்த்தே, பாபேஜ் என்ற ஆங்கிலேயர் தம் கணிப்பொறிக்கும் அட்டைகளை வகுத்தார். ஆதலால் "நமக்கும் கணிதத்திற்கும் வெகுதூரம்" என்று நெசவாளர் வீட்டில் எவரும் கூறவேண்டியதில்லை.

எனினும் பெருமைக்காகப் பிள்ளையைக் கணிதத்தில் தள்ளுவது நன்றன்று. வணிகவியல் பிரிவுகள் சிலவற்றில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் உண்டு. பத்தாம் வகுப்போடு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். சேலத்தில் 1960-இல் தோன்றிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் அத்தகைய படிப்பை அளிக்கின்றது. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரவும் வழியுண்டு.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கணிதம் பயின்றவர் பின்னர் அதை விட்டு வேறு துறைக்குச் செல்வது எளிது. இரண்டாண்டுகள் விட்டவர் மீண்டும் அதனிடம் வருவது மிகக் கடினம். ஐயம் சமமாக இருக்குமாயின், திறந்த கதவை மூடாதிருப்பதே விவேகம்.

சமமாக இருக்கிறதா என்று அறிவது எப்படி? மேல்வகுப்பு மாணவர் ஒருவரிடம் பதினோராம் வகுப்பு நூலை இரவல் வாங்கி, முதல் இரண்டு இயல்களைப் பத்து நாட்கள் படித்துப் பார்க்குமாறு அந்தப் பெண்ணிடம் கூறினோம். எத்தனை கணக்குகள் சரியாக வந்தன என்பதை விட, தவறிய கணக்கிடம் அவள் திரும்பிச் செல்கிறாளா என்பதைக் கவனிக்கத் தந்தையிடம் சொன்னோம்.

பதினோராம் நாள் இருவரும் வந்தனர். குறிப்பேட்டில் பத்துக் கணக்குகளில் நான்கே சரி. மற்ற ஆறும் மூன்று நான்கு முறை அடித்தும் திருத்தியும் எழுதப்பட்டிருந்தன. "இதைத் தூங்கவிடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள், விளக்கு எரிந்துகொண்டே இருந்தது" என்று தந்தை குறைப்பட்டுக்கொண்டார். அப்போதுதான் அவள் முதன்முறையாக வாய் திறந்தாள்: "கணக்கே எடுக்கிறேன், அப்பா."

அதே வாரம், உழவரான மற்றோர் அங்கத்தினரின் மகன் இரண்டாம் நாளே நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வணிகவியலில் சேர்ந்தான். அவனும் நன்றாகவே முடிவு செய்தான் என்பது நம் கருத்து. இருவரும் பிறர் சொல்லை அளவாகக் கொள்ளவில்லை. தாமே அளந்து பார்த்தனர். அங்கத்தினர்கள் தம் பிள்ளைகளுக்கு அந்தப் பத்து நாட்களை அளிப்பார்களாக.