பாடத்திட்டத்தைப் படித்துவிட்டுச் சேருங்கள்

விஸ்காம் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "சினிமாவுக்கா?" என்பதுதான். பிள்ளையின் மனத்திலும் பெரும்பாலும் கேமராதான் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டில் என்னென்ன தாள்கள் வருகின்றன என்று இரு தரப்பும் பார்த்திருப்பதில்லை. பாடத்திட்டம் பல்கலைக்கழக இணையதளத்திலேயே கிடைக்கும். விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அதற்கு ஒதுக்கி, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். லட்சக்கணக்கில் பணமும் மூன்று வருடமும் போடுகிற இடம் அது.

பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் (சுருக்கமாக விஸ்காம்), பி.ஏ. இதழியல், மாஸ் கம்யூனிகேஷன், எலெக்ட்ரானிக் மீடியா என்று பெயர்கள் பல. பெயரில் 'பி.எஸ்சி.' இருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் சேரலாம். விஸ்காமில் ஓவியம், வடிவமைப்பு, ஒளிப்படம், விளம்பரம் ஆகியவற்றுக்கு எடை அதிகம். இதழியலில் செய்தி சேகரிப்பும் எடிட்டிங்கும் ஊடகச் சட்டமும் முன்னால் நிற்கும். ஒளிப்பதிவோ படத்தொகுப்போ மட்டும்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். பத்திரிகைதான் குறி என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சென்னையின் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசமும் டெல்லியின் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனமும் (ஐ.ஐ.எம்.சி.) ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு அங்கே போகலாம். இதழியலில் பட்டம் வாங்கினால்தான் நிருபராக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விஸ்காம்தான் என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் நான் முதலில் பேச விரும்புவது தமிழ்த் தாளைப் பற்றி. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பகுதி ஒன்றாக, பெரும்பாலும் முதல் நான்கு செமஸ்டர்களுக்கு, தமிழ் வருகிறது. 'பாஸ் ஆனால் போதும்' என்று பல மாணவர்கள் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு வேலைக்குப் போகும் இடத்தில் முதல் நாளே நான்கு வரிச் செய்தி எழுதச் சொல்வார்கள். விளம்பர வாசகம், ஆவணப்படத்துக்கான வருணனை, யூடியூப் காணொளிக்கான ஸ்கிரிப்ட் எல்லாமே தமிழில்தான். ஒற்றுப்பிழை இல்லாமல், எழுவாயும் பயனிலையும் ஒட்டி நிற்க ஒரு பத்தி எழுதத் தெரிந்தவர் கிடைக்காமல் தவிக்கும் ஆசிரியர் குழுக்களை நான் அறிவேன். மென்பொருளை வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம். மொழி அப்படி வருவதில்லை. தமிழ்த் துறை பலமாக இருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் துறை ஆசிரியர்களோடு பழகுங்கள்.

அடுத்தது துணைப்பாடங்கள். எப்படிச் சொல்வது என்பதைத்தான் இந்தப் படிப்பு கற்றுத்தரும். சொல்வதற்கான விஷயத்தை மாணவர்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். துணைப்பாடத்தைத் தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால், மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் தாள் எது என்று பார்க்காமல், பொருளாதாரம், அரசியலமைப்பு, புள்ளியியல் போன்ற ஒன்றை எடுப்பது நல்லது. கல்லூரி தராவிட்டால் நீங்களே ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். விவசாயமோ மருத்துவமோ உள்ளாட்சியோ, எதுவாகவும் இருக்கலாம்.

உள்ளாட்சி என்றால், உங்கள் தெருவின் குடிநீர்க் குழாயிலிருந்தே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதன்கீழ், ஒரு வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். குழாய்ப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், ஒப்பந்தம் யாருக்கு, எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று மூன்றே கேள்விகள் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி இதை ஒருமுறை செய்து, வந்த பதிலை வைத்துக் குழாயடியில் நிற்கும் பெண்களிடம் பேசி 500 சொல்லில் ஒரு செய்தி எழுதிவிட்டால், ஷானன்–வீவர் தகவல்தொடர்பு மாதிரியைப் பத்து முறை மனப்பாடம் செய்வதைவிட அது அவளுக்கு உதவும். அந்த மாதிரியையும் படிக்கத்தான் வேண்டும், தேர்வில் கேட்பார்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது ஸ்டுடியோவைத் திறந்து காட்டுவார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள், சனி ஞாயிறு வெளியே எடுத்துப் போக விடுவார்களா, பழுதானால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த கேமராவால் யாருக்குப் பயன்? தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கிறது. கட்டணத்தோடு லேப்டாப், குறும்படச் செலவு என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். சொந்தக் கேமரா இல்லாத பிள்ளை தாழ்வாக உணராமல் படிக்க முடியுமா என்பதை, கேமரா பற்றி அவர்கள் தரும் பதில்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சமூக வானொலி இருக்கும் கல்லூரியா என்றும் விசாரியுங்கள். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி. ஒலியில் பழகியவர்களுக்குக் காதில் ஒரு கூர்மை வந்துவிடும். டீக்கடையில் ஒருவரைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பின்னால் பாட்டு ஓடுவதை உங்கள் காது அப்போது பொருட்படுத்தாது. எடிட் செய்ய உட்கார்ந்தால்தான் தெரியும், பேச்சை எங்கே வெட்டினாலும் பாட்டு துள்ளும். பேட்டிக்கு முன் ரேடியோவை அணைக்கச் சொல்லவும், பேட்டி முடிந்த பிறகு அந்த இடத்தின் வெறும் ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளவும் செய்துதான் கற்க முடியும்.

ஊடகச் சட்டத் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அடுத்து வரும் 19(2), அரசு அதை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்கிறது. அவதூறு இன்றும் குற்றவியல் வழக்குதான், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. மொபைலில் வீடியோ போடும் எவரும் இதன் எல்லைக்குள் வருகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பை மூன்றாம் ஆண்டு வரை ஒத்திப்போட வேண்டாம். முதல் கோடை விடுமுறையிலேயே உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்திலோ ஸ்டுடியோவிலோ போய் நில்லுங்கள். மூன்றாம் ஆண்டில் வேலை கேட்டுப் போகும்போது கையில் வெளியான ஐந்தாறு படைப்புகளாவது இருக்க வேண்டும். ஒரு குறும்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் கூட்டம் பெரியது.

சேர்க்கைக்குப் பணம் கட்டும் முன் இன்னொரு வேலை பாக்கி. துறைத் தலைவரைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரையாவது பிடித்துப் பேசுங்கள். போன செமஸ்டரில் எத்தனை வகுப்பு ஒழுங்காக நடந்தது, எழுதியதை ஆசிரியர் திருத்திக் கொடுத்தாரா, சீனியர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். கையேட்டில் அச்சிடாத விவரமெல்லாம் அவர்களிடம் இருக்கும்.