கை மறக்க மறுத்த எழுத்துகள்

பழைய தமிழ் நூல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். 'லை', 'னை' போன்ற எழுத்துகளின் முன்னால் யானையின் துதிக்கையைப்போல ஒரு சுழி வளைந்திருக்கும். 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றில் துணைக்கால் தனியே நில்லாமல் எழுத்தோடு ஒட்டியிருக்கும். இவ்வடிவங்களை மாற்ற வேண்டுமென்று பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டில் 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது. பின்னர்ச் சிங்கப்பூரும் மலேசியாவும் அதனைப் பின்பற்றின.

அச்சகங்களில் அச்சுகளை மாற்றினால் போதும். மனிதர்களுக்கு அது அவ்வளவு எளிதன்று. எழுதவே தெரியாத சிறுவனுக்கு எந்த வடிவமும் புதியதுதான். நாற்பது ஆண்டுகள் எழுதிப் பழகியவருக்கோ, தெரிந்ததே தடையாகிறது. மனம் புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டாலும், கை பழைய சுழியைப் போட்டுவிடுகிறது.

என் தாத்தா ஒருநாள் என் வீட்டுப்பாடத்தில் 'மலை' என்னும் சொல்லைத் தவறென்று அடித்துவிட்டார். நான் பாடநூலைக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. கோபமாக இருக்குமோ என்று பயந்தேன். பிறகு, "எப்படி எழுதணும்? நீயே சொல்லிக் கொடு, ஐயா," என்றார். மலை, பனை, வளை என்று ஒரு பக்கம் முழுவதும் எழுதிப் பார்த்தார். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல்.

அதன்பின் எனக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் புதிய எழுத்துகளையே பயன்படுத்தினார். அவசரமாக எழுதும் கடைச்சீட்டில் மட்டும் 'வெற்றிலை' கடைசிவரை துதிக்கையோடுதான் இருந்தது.