கதவு மூடும் நேரம்

மருந்தின் வழி: 9

“பிள்ளைதான் எந்திரிச்சு உக்காந்து பால் குடிக்கானே, இன்னும் எதுக்கு டாக்டரம்மா இத்தனை ஊசி?”

மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தையின் கட்டிலருகே நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ இந்தக் கேள்வி வந்துவிடும். சங்கரன்கோவிலின் தறிக்கார வீடொன்றிலிருந்து, வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுமார் 55 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிக்கு ஓடிவரும் தாயை நினைத்துப் பாருங்கள். முந்தானை முடிச்சில் கோமதி அம்மன் கோயில் புற்றுமண். தறி நின்ற ஒவ்வொரு நாளும் கூலி போன நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, கழுத்து விறைப்பும் தளர்ந்துவிட்டது. அவள் கேட்பது நியாயம்தான். அதற்கான பதில், மருந்து போகும் வழியில் இருக்கிறது.

நரம்பில் போட்ட மருந்து இரத்தத்தோடு உடலெங்கும் பரவுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். மூளையின் வாசலில் அந்த ஓட்டம் தடைபடும். மற்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் சிறு இடைவெளிகள் உண்டு. மூளையிலோ செல்கள் ஒன்றோடொன்று நெருக்கித் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். ஜெர்மானிய மருத்துவர் எட்வின் கோல்ட்மன் ஒரு நீலச் சாயத்தை விலங்கின் இரத்தத்தில் செலுத்தியபோது உடலெல்லாம் நீலமேறியது, மூளை மட்டும் வெளுத்தே கிடந்தது. அதே சாயத்தை மூளையைச் சூழ்ந்த தண்டுவட நீரில் செலுத்தினார். மூளை நீலமானது, உடலில் சாயம் ஏறவில்லை. 1913இல் வெளிவந்த இந்த முடிவு, நடுவே ஒரு மதில் இருப்பதை உறுதிசெய்தது.

மூளையுறையில் கிருமி புகுந்தால் அந்த இடம் அழன்று வீங்குகிறது. மதிலின் தையல் நெகிழ்கிறது. பென்சிலின் போன்ற மருந்துகளைத் தண்டுவட நீரிலிருந்து வெளியே இறைக்கும் செல்களும் சோர்ந்துபோகின்றன. பிள்ளையை வதைக்கும் அதே வீக்கம்தான் மருந்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அப்போதும் செஃப்ட்ரியாக்சோன் இரத்தத்தில் 100 பங்கு இருந்தால், தண்டுவட நீரில் சேர்வது பெரும்பாலும் 15க்கும் குறைவு. அதனால்தான் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற பெரிய அளவு.

பிள்ளை தேறத் தேற வீக்கம் வடிகிறது, மதில் மறுபடி இறுகுகிறது, உள்ளே போகும் மருந்து குறைகிறது. எஞ்சிய கிருமிகளோ இன்னும் உள்ளே இருக்கலாம். தண்டுவட நீரில், இரத்தத்தில் உள்ள அளவுக்கு எதிர்ப்பாற்றல் கிடையாது. கொல்லும் வேலை பெரும்பாலும் மருந்தின் தலையில்தான் விழுகிறது. ஆகவே, காய்ச்சல் விட்டதும் அளவைக் குறைப்பது, கதவு மூடும் நேரத்தில் ஆளையும் குறைப்பது போன்றது. கிருமியைப் பொறுத்து ஏழு நாள், பதினான்கு நாள், பச்சிளம் குழந்தை என்றால் சில சமயம் 21 நாள், கடைசி ஊசிவரை அளவு குறையக் கூடாது.

டிபி கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலில் கணக்கு இன்னும் சிக்கலானது. ஐசோனியசிட், பைரசினமைட் இரண்டும் மதிலை எளிதாகத் தாண்டும். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ரிஃபாம்பிசினோ, இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், டிபி மூளைக்காய்ச்சல் கண்ட 180 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துக் கண்ட முடிவுகளை 1986இல் வெளியிட்டது. 27 சதவீதம் பேர் இறந்தனர். 39 சதவீதம் பேர் நரம்புக் குறையோடு பிழைத்தனர். 34 சதவீதம் பேர்தான் முழுதாகத் தேறினர். மருந்து ஒன்றாக இருந்தாலும், பிள்ளை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தே முடிவு மாறியது. தினசரி ரிஃபாம்பிசினோடு ஐசோனியசிட்டைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தபோது பலருக்கு மஞ்சள்காமாலை வந்தது. 12 ஆக்கியதும் அது குறைந்தது. மூளைக்குப் போதுமான அளவு கல்லீரலுக்கு மிகையாகலாம். தென்னிந்தியரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேரின் உடல் ஐசோனியசிட்டை மெதுவாகவே சிதைக்கிறது என்பதும் இதே மையத்தின் ஆய்வுகளில் தெளிவானது.

ரிஃபாம்பிசினில் நிலைமை வேறு. கிலோ கணக்கில் ஒரே அளவு கொடுத்தாலும், சிறு பிள்ளைகளின் இரத்தத்தில் பெரியவர்களைவிடக் குறைவாகவே சேர்கிறது. எனவே பிள்ளையைப் பெரியவரின் குட்டி வடிவமாக நினைத்து மாத்திரையைப் பாதியாக ஒடிப்பது தவறு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஆறு மாதச் சிகிச்சையில், ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 22.5 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்ந்திருக்கிறது.

அந்தத் தாய்க்கு ஒரு வரியில் சொல்லலாம்: “தாயி, பிள்ளை தேறுறதாலதான் இப்ப மருந்து உள்ள போறது கஷ்டம், அதான் ஊசியை விடாமப் போடுறோம்.” சொன்னால் அவளுக்குப் புரியும், கூலி போனாலும் இருப்பாள். சொல்லாமல் விடுவது நம் தவறு.

காய்ச்சலோடு விடாத வாந்தி, மயக்கம், வலிப்பு, கைக்குழந்தையின் உச்சிக்குழி புடைப்பு எது கண்டாலும் அந்த மணியே கிளம்புங்கள். புற்றுமண்ணைப் போகும் வழியில் பூசிக்கொள்ளலாம்.

(அடுத்த வாரம்: சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் கணக்கு)