இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறப் போறீங்களா? முதல்ல சுவிட்ச் போர்டைப் பாருங்க!

மிக்ஸி போடும் பிளக்கிலேயே புது இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகி, பால் காய்ச்சி, சாம்பாரும் வைத்தாயிற்று. பத்து நாள் கழித்து லேசாகக் கருகல் வாடை. பார்த்தால், சாக்கெட் பழுப்பேறி உருகத் தொடங்கியிருக்கிறது! கேஸிலிருந்து மின் அடுப்புக்கு மாறும்போது நடக்கிற வழக்கமான தவறு இது. குறை அடுப்பில் இல்லை. வீடு தயாராக இல்லை.

6 ஆம்பியர் போதாது

2,000 வாட்ஸ் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால், 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்கான சின்ன சாக்கெட் தாங்குவது 6 ஆம்பியர்தான். எனவே 16 ஆம்பியர் பவர் பிளக் அவசியம். மெயின் பாக்ஸிலிருந்து குறைந்தது 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரில் தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த் இருக்கிறதா?

ஈரக் கையோடு புழங்கும் இடம் சமையலறை. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும், எர்த் ஒயர் இணைக்காமல் விட்டிருப்பார்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கூடவே, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்கும்.

மொத்த லோடு எவ்வளவு?

அடுப்பு 2,000, கீஸர் 2,000, ஏசி 1,500 வாட்ஸ். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 24 ஆம்பியர் போய்விடும். உங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளுங்கள்.

கரன்ட் பில் ஏறுமா?

ஏறும். 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை முடிக்க இண்டக்‌ஷனுக்கு ஏறக்குறைய 130 முதல் 150 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே கூடிவிடும். பழைய பில்லை எடுத்து வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஈயச்சொம்புக்கு இடமில்லை

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். ஒட்டினால் இண்டக்‌ஷனுக்கு ஆகும். ஈயச்சொம்பு, பித்தளை, சாதாரண அலுமினிய குக்கர் ஆகாது. அடி தட்டையான இரும்பு தோசைக்கல் தாராளமாக ஆகும். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால், டாக்டரிடம் கேட்டபிறகு வாங்குங்கள்.

சிலிண்டரைக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஃபேன், லைட்டுக்காக வாங்கிய சாதாரண இன்வெர்ட்டர் 2,000 வாட்ஸ் அடுப்பைத் தாங்காது. கரன்ட் போன நேரத்தில் குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு சிலிண்டராவது கைவசம் இருக்கட்டும். பயன்படுத்தாத நாள்களில் ரெகுலேட்டரை மறக்காமல் மூடிவையுங்கள்.

கடைக்குப் போய் அடுப்பு பார்க்க அரைமணி நேரம் போதும். அதற்கு முன்பு, எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்!