பிளாக் பெல்ட் வாங்கியாச்சு, அடுத்து என்ன?

கராத்தே பத்தி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி கண்டிப்பா வரும்: "பிளாக் பெல்ட் வாங்கிட்டேன். அப்புறம் கிளாஸுக்குப் போகவே தோணலை. இதுக்கு மேல என்ன இருக்கு?"

இதைக் கேட்கிற பலரோட கதையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எட்டு, ஒன்பது வயசுல ஸ்கூல் கிரவுண்டுலயோ கல்யாண மண்டபத்து மாடியிலயோ சேர்ந்திருப்பாங்க. மஞ்சள், பச்சை, பிரவுன்னு ஏறி கறுப்புக்கு வந்திருப்பாங்க. பிளஸ் டூ வந்ததும் கிளாஸ் நின்னிருக்கும். இப்போ வயசு 24, 25. பெல்ட் பீரோவுக்குள்ள, சர்ட்டிஃபிகேட் ஃபைலுக்குள்ள. அதனால இன்னைக்கு பிளாக் பெல்ட்டுக்கு அப்புறம் இருக்கிற பாதையை, அதாவது டான் வரிசையை, கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம்.

ஷோடான்னா என்ன அர்த்தம்?

முதல் பிளாக் பெல்ட்டுக்குப் பேர் ஷோடான். ஜப்பானிய மொழியில ஒண்ணுக்கு 'இச்சி', ரெண்டுக்கு 'நி', மூணுக்கு 'சான்'. அடுத்த படிகள் நிடான், சான்டான்னு எண்ணை வைத்தே போகுது. ஆனா முதல் படிக்கு 'இச்சிடான்'னு பேர் வைக்கலை. 'ஷோ'ங்கிற எழுத்துக்கு ஆரம்பம், தொடக்கம்னு அர்த்தம். அதாவது தொடக்க நிலை.

நமக்குப் பழக்கமான உதாரணம் பரதநாட்டிய அரங்கேற்றம். அடவு எல்லாம் படிஞ்சிருக்கு, ஒரு முழு மார்க்கம் ஆட முடியும், இனி மேடையில ஆடலாம்னு குரு சொல்ற நாள் அது. ஆனா நிறைய வீடுகள்ல அரங்கேற்றம்தான் கடைசி நிகழ்ச்சி. மண்டபம், போட்டோ, சாப்பாடு, அதோட சலங்கை உள்ள போயிடும். ஷோடானுக்கும் அதேதான் நடக்குது. அடிப்படை அசைவுகள் கைக்கு வந்திருக்கு, இனிமேல் கராத்தேயைச் சொல்லிக் கொடுக்கலாம்னு அர்த்தப்படுற ஒரு நிலையை, கராத்தே முடிஞ்சதுன்னு எடுத்துக்கறோம்.

இந்த பெல்ட் எங்கிருந்து வந்தது?

டான்ங்கிற முறை கராத்தேயில பிறந்தது இல்லை. ஜப்பான்ல 'கோ'ங்கிற பலகை விளையாட்டுல ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க இது முன்னாடியே இருந்தது. ஜூடோவை உருவாக்கின கானோ ஜிகோரோ 1882இல் கோடோகானைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, 1883இல், சைகோ ஷிரோ, டோமிதா ட்சுனெஜிரோ என்ற ரெண்டு மாணவர்களுக்கு ஷோடான் கொடுத்தார். கறுப்பு பெல்ட் அதுக்குச் சில வருஷம் கழிச்சுத்தான் அடையாளமா வந்தது.

கராத்தே பிறந்த ஒகினாவாவில் பழைய ஆசிரியர்கள் இந்த மாதிரி பெல்ட் எதுவும் இல்லாமத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஒகினாவா ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோ வந்து கராத்தேயை மேடையில செய்து காட்டினார். கானோவோட அறிமுகம் அவருக்குக் கிடைச்சது. 1924இல் ஃபுனாகோஷி தன் மாணவர்கள் சிலருக்கு முதல் டான்களைக் கொடுத்தார். அப்படிப் பார்த்தா கராத்தே பிளாக் பெல்ட்டுக்கு வயசு நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கோஜூ-ரியூ பாணியை உருவாக்கின மியாகி சோஜுன் 1953இல் இறக்கிற வரைக்கும் தன் மாணவர்களுக்கு டான் கொடுக்கவே இல்லை. அதனால அவரோட மாணவர்கள் யாரும் குறைஞ்சு போயிடலை.

ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே முடிச்சிடலாம். வெள்ளை பெல்ட் துவைக்காம அழுக்கேறி அழுக்கேறிக் கறுப்பாச்சுன்னு ஒரு கதை உண்டு. கேட்க நல்லா இருக்கும், ஆனா ஆதாரம் கிடையாது. கறுப்பு பெல்ட் ஒரு நிர்வாக ஏற்பாடு. யாருக்கு எதைச் சொல்லித் தரணும்னு ஆசிரியருக்குத் தூரத்துல இருந்தே தெரியறதுக்காக.

காத்திருக்கும் காலம்

கலர் பெல்ட் காலத்துல மூணு, நாலு மாசத்துக்கு ஒரு கிரேடிங் வரும். டான் வந்ததும் கணக்கே மாறிடுது. பல அமைப்புகள்ல ஷோடானிலிருந்து நிடானுக்குக் குறைஞ்சது 2 வருஷம், அங்கிருந்து சான்டானுக்கு 3, யோன்டானுக்கு 4, கோடானுக்கு 5. அமைப்புக்கு அமைப்பு கொஞ்சம் மாறலாம், ஆனா போகப்போக நீளும்ங்கிறது பொதுவானது. 18 வயசுல ஷோடான் வாங்கின ஒருத்தர் ஒரு நாளும் தாமதிக்காம, ஒரு தடவையும் ஃபெயில் ஆகாம போனாலும் அஞ்சாவது டானுக்கு வரும்போது 32 வயசு.

நிறைய பேர் நிக்கிற இடம் இதுதான். பத்து வருஷமா மூணு மாசத்துக்கு ஒரு தடவை கைதட்டல் வாங்கிப் பழகின உடம்புக்கு, திடீர்னு ரெண்டு வருஷம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முன்னேற்றம் நின்னுபோச்சுன்னு தோணும். நின்னுபோனது முன்னேற்றம் இல்லை, அதை அளந்து சொல்லிட்டிருந்த பெல்ட் மட்டும்தான்.

ஒரே அசைவு, மூணு தேர்வு

தேர்வாளர்கள் என்ன பார்க்கறாங்க? பெரும்பாலான டான் தேர்வுகள்ல தலைப்புகள் அதே மூணுதான். கிஹோன், அதாவது அடிப்படை அசைவுகள். காதா, அதாவது வரிசைப்படுத்தின அசைவுத் தொகுப்பு. குமிதே, அதாவது எதிராளியோட மோதல். மாறுறது, அதுக்குள்ள எதைத் தேடறாங்கங்கிறதுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ஷோட்டோகானில் ஆரம்பத்துல கத்துக்கிற காதா ஹெய்யான் ஷோடான். 21 அசைவு. இடது பக்கம் திரும்பி கெடான் பராய், அதாவது கீழ்நோக்கித் தடுக்கிற அசைவோட ஆரம்பிக்கும்.

ஷோடான் தேர்வுல இந்த கெடான் பராய்ல பார்க்கறது வடிவம். முன்கால் முட்டி சரியா வளைஞ்சிருக்கா, பின்கால் நேரா இருக்கா, முஷ்டி முட்டிக்கு மேல சரியான உயரத்துல நிக்குதா, தோள் தூக்கிட்டு இருக்கா.

நிடானுக்கு வடிவம் சரியா இருக்கும்னு எடுத்துக்குவாங்க. இப்போ கேள்வி, சக்தி எங்கிருந்து வருதுங்கிறது. கை மட்டும் ஆடுதா, இல்ல இடுப்பு முதல்ல திரும்பி அது கைக்கு வந்து சேருதா? அசைவு முடியற கணத்துல உடம்பு முழுக்க ஒண்ணா இறுகி, உடனே தளருதா? இந்த இறுக்கத்துக்குத்தான் 'கிமே'ன்னு பேர். நிறைய பேர் எப்பவும் இறுகியே இருப்பாங்க. பார்க்க வேகம் மாதிரி தெரியும், ஆனா உடம்பு தன்னைத்தானே பிரேக் போட்டுட்டு இருக்கும்.

சான்டான் பக்கம் வரும்போது, இதை எதுக்காகச் செய்யறேங்கிற கேள்வி வருது. அதே காதாவுல நாலாவது அசைவு, முன்வைச்ச காலைப் பின்னாடி இழுத்து, கையை வட்டமாச் சுத்தி முஷ்டியோட அடிப்பாகத்தால மேலிருந்து இறக்குறது. எதிராளி மணிக்கட்டைப் பிடிச்சிட்டா அதை விடுவிச்சுத் திருப்பி அடிக்கிறதுன்னு இதைப் பொதுவா விளக்குவாங்க. இப்படி அசைவுக்குள்ள இருக்கிற பயன்பாட்டைப் பிரிச்சுப் பார்க்கிறதுக்குப் பேர் புன்காய். எட்டு வயசுல மனப்பாடம் பண்ணின காதாவை, ஒரு நண்பரை நிஜமாவே மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிச் செஞ்சு பாருங்க. முதல் தடவை வராது. காலைப் பின்னாடி இழுக்கிறது எதுக்குன்னு அப்போதான் புரியும். கையோட பலத்துல இல்லை, உடம்போட எடையிலதான் பிடி விடுபடுது.

அதுக்கு மேல போகப்போக, கற்பிக்கிற திறமை, கலைக்குச் செய்த பங்களிப்பு, இவையும் கணக்குல வரும். அதனாலதான் 60 வயசுக்காரர் 20 வயசுக்காரரை விட மெதுவா குத்தினாலும் அவர் டான் மேல இருக்கும்.

ஃபெயில் ஆகிறது

கலர் பெல்ட் கிரேடிங்ல ஃபெயில் ஆனவங்களைத் தேடிப் பிடிக்கணும். டான் தேர்வுல அது சாதாரணம். பெரிய அமைப்புகள்ல உங்க சென்ஸேய் மட்டும் தீர்ப்பு சொல்ல மாட்டார். பல மூத்த ஆசிரியர்கள் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. போன மழைக்காலத்துல முட்டி வலியோட கிளாஸுக்கு வந்ததெல்லாம் உங்க சென்ஸேய்க்குத் தெரியும். அந்த மேசைக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்குத் தெரியாது. அவங்க முன்னாடி நீங்க நிக்கிற சில நிமிஷம்தான் அவங்க பார்க்கிறது.

குரூரமாத் தோணலாம். ஆனா ஃபெயில் ஆகவே முடியாத தேர்வுல பாஸ் ஆனா அதுல என்ன சந்தோஷம் இருக்கு? வழக்கமா சில மாசம் கழிச்சு மறுபடி வரலாம். போறதுக்கு முன்னாடி எதுல குறைன்னு கேட்டு எழுதி வைங்க. "பின்கால் குதிகால் தூக்குது"ங்கிற ஒரு வரி ஆறு மாசப் பயிற்சிக்குப் போதும்.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியது

கராத்தே முழுசுக்கும் பொதுவா டான் கொடுக்கிற ஒரே உலக அமைப்புன்னு எதுவும் இல்லை. ஷோட்டோகான், கோஜூ-ரியூ, ஷிட்டோ-ரியூ, வாடோ-ரியூ, கியோகுஷின்னு பல பாணிகள். ஒவ்வொண்ணுக்குள்ளயும் பல அமைப்புகள். யார் வேணும்னாலும் ஒரு சர்ட்டிஃபிகேட் அச்சடிக்கலாம். அதனால நாலு விஷயம் கேளுங்க.

முதல்ல, சர்ட்டிஃபிகேட் தர்றது யார், அந்த அமைப்புல உங்க பேர் பதிவாகுமா? ரெண்டாவது, பாடத்திட்டம் எழுத்துல இருக்கா? மூணாவது, தேர்வு எடுக்கிறது ஒருத்தரா, குழுவா? நாலாவது, தேர்வு, பதிவு, பெல்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? நேர்மையா நடத்துறவங்க இதுக்குக் கோவப்பட மாட்டாங்க. ரெண்டு வருஷத்துல பிளாக் பெல்ட் கேரண்ட்டின்னு யாராவது சொன்னா, அங்க விக்கிறது பெல்ட்தான்.

போட்டியும் டானும் வேற வேறங்கிறதையும் ஞாபகம் வைச்சுக்கலாம். உலக கராத்தே கூட்டமைப்புப் போட்டிகள்ல ஒருத்தர் சிவப்பு பெல்ட், இன்னொருத்தர் நீல பெல்ட். எத்தனையாவது டான்னு மேட்ல யாருக்கும் தெரியாது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் காதா தங்கம் வாங்கினவர் ஒகினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ. அவரும் அப்படி ஒரு கலர் பெல்ட்டைக் கட்டிட்டுத்தான் ஆடினார்.

நின்னுட்டவங்களுக்கு

திரும்பிப் போகத் தடுக்கிறது உடம்பு இல்லை, கூச்சம்தான். "கறுப்பு பெல்ட் கட்டிட்டு காதா மறந்து நின்னா பசங்க சிரிப்பாங்களே"ங்கிற பயம். சென்ஸேய்க்கு முன்னாடியே போன் பண்ணி, எத்தனை வருஷம் ஆச்சுன்னு நேராச் சொல்லிடுங்க. எந்த பெல்ட் கட்டணும்னு அவரே சொல்லட்டும். அவருக்கு நீங்க முதல் ஆள் இல்லை.

முதல் மாசம் மெதுவாப் போங்க. பழைய வேகம் மனசுல இருக்கும், தசையில இருக்காது. காத்துல குத்தும்போது முழங்கையை முழுசா நீட்டி இழுத்து லாக் பண்ணாதீங்க. நிலையில உட்காரும்போது முட்டி கால்விரல் பார்க்கிற திசையிலயே போகட்டும், உள்பக்கம் சாயக்கூடாது. முட்டியில வலி வந்தா நிறுத்திட்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்க.

ஆறு மாசத்துக்கு ஒரே ஒரு காதாவை எடுத்துக்குங்க. மாசம் ஒரு தடவை போன்ல வீடியோ எடுங்க. யாருக்கும் அனுப்ப வேண்டாம். முதல் மாச வீடியோவையும் ஆறாவது மாச வீடியோவையும் பக்கத்துல வைச்சுப் பாருங்க. ரெண்டு வருஷக் காத்திருப்புல உங்களுக்குக் கிடைக்கிற கிரேடிங் அதுதான். வாரத்துல ஒரு நாள் வெள்ளை பெல்ட் பசங்களுக்கு கெடான் பராய் சொல்லிக் கொடுங்க. "அக்கா, இந்தக் கையை ஏன் இடுப்புக்கு இழுக்கணும்?"னு ஒரு பொண்ணு கேட்பா. அதுக்குப் பதில் தேடிப் போறதுலயே பாதி நிடான் பாடம் இருக்கு.

எல்லாரும் அஞ்சாவது டான் வரைக்கும் போகணும்னு அவசியமே இல்லை. வேலை, குடும்பம், நைட் ஷிஃப்ட் எல்லாம் இருக்கு. ஷோடானோட நிறுத்தறதும் ஒரு முடிவுதான். ஆனா படிப்பு முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு நிறுத்தாதீங்க, ஆரம்பத்துல நிக்கிறேன்னு தெரிஞ்சே நிறுத்துங்க. அப்படித் தெரிஞ்சு நிறுத்தினவங்களுக்குத் திரும்பி வர்றது சுலபம்.