நஷ்டத்தைப் பங்கிட்டவர்களும் நிர்வாகம் செய்தவரும்

புற்றுநோயோ இருதய நோயோ ஒருமுறை கண்டுவிட்டவர் தாமாகத் தேடிச் சென்று கேட்டால், அவருக்கு இன்ஷூரன்ஸ் பத்திரம் வழங்க அமெரிக்கக் கம்பெனிகள் நெடுங்காலம் மறுத்தே வந்தன. இதற்குப் பரிகாரம் தேடி, 1976ஆம் ஆண்டில் மின்னசோட்டா, கனெக்டிகட் ஆகிய இரு மாநிலங்கள் முதன்முதலாக ஓர் ஏற்பாட்டைச் செய்தன. மருத்துவ இன்ஷூரன்ஸ் வியாபாரம் நடத்தும் கம்பெனிகள் சங்கமாகச் சேர்ந்து, எங்கும் இடம் கிடைக்காத நோயாளிகளுக்குப் பத்திரம் வழங்க வேண்டும்; வசூலாகும் பிரீமியத்துக்கு மேற்பட்டுச் செலவு ஏற்படும் பட்சத்தில், அந்த நஷ்டத்தைத் தத்தம் வியாபார அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னாளில் 35 மாநிலங்கள் இம்முறையைக் கைக்கொண்டன; இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் இதன் நிழலில் இருந்தார்கள்.

ஆனால் சங்கம் என்பது ஒரு நிர்வாகக் குழு மாத்திரமே. விண்ணப்பங்களைப் பரிசீலித்து, பிரீமியம் வசூலித்து, ஆஸ்பத்திரிப் பில்களைச் சரிபார்த்துப் பணம் பட்டுவாடா செய்து, கணக்கு ஒப்புவிக்க, அதில் தேர்ந்த ஒரு ஸ்தாபனம் தேவை. கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தாவைப் போல, தனக்குச் சொந்தமல்லாத பணத்துக்குப் பொறுப்பேற்கும் அந்த ஸ்தாபனத்தைச் சங்கம் டெண்டர் கோரியே தேர்ந்தெடுத்தது. மின்னசோட்டாச் சட்டம் மூன்று தகுதிகளையேனும் ஆராயும்படி விதித்தது: பெருந்தொகையான மக்களுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் நடத்திக்காட்டிய அனுபவம், பில்களுக்குத் தாமதமின்றிப் பணம் தரும் திறமை, நிர்வாகத்துக்காக அது கேட்கும் மொத்தக் கட்டணம்.

இம்மூன்றிலும் இரண்டாவதே பிரதானம் என்பது என் அபிப்பிராயம். பொறுப்பேற்ற கம்பெனி நஷ்டத்தைத் தனியே சுமப்பதில்லையாகையால், சிரத்தைக் குறைவால் நேரும் துன்பம் முதலில் நோயாளியையே தாக்குகிறது. கட்டணம் குறைவு என்பதற்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது போதிய சிப்பந்திகளை அமர்த்தாமல் பில்களைத் தேங்கவிட்டால், சிகிச்சைக்கு நடுவே ஆஸ்பத்திரியின் கடிதம் நோயாளியின் வீட்டுக்கு வந்து சேரும். எனினும் செலவுக்கும் வரம்பு வேண்டுமல்லவா? நிர்வாகச் செலவு பிரீமியத்தில் 12.5 சதவீதத்தைத் தாண்டலாகாதென மின்னசோட்டா கட்டுப்படுத்தியது. பொறுப்பும் நிரந்தரமாக இருக்கவில்லை; பல மாநிலங்களில் அது மூன்று ஆண்டுக்கே தரப்பட்டது, அது முடியுமுன் மறுபடியும் டெண்டர் கோரப்பட்டது.

நோயைக் காரணம் காட்டிப் பத்திரம் மறுக்கலாகாது என்ற சட்டம் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தபின் பெரும்பாலான சங்கங்கள் கலைந்தன. மின்னசோட்டாத் திட்டம் அவ்வாண்டு டிசம்பரோடு முடிவுற்றது.