சிறு செய்தி, பெருங்காவல்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல பழக்கத்துக்கு மட்டுமன்று, தீய பழக்கத்தை விடுவதற்கும் இது பொருந்தும். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்களுள் 8.5 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்துவது அதில் தெரியவந்தது. மாணவியர் மட்டும் 7.4 சதவீதம்! ஆகவே, “இது ஆண்பிள்ளைகளின் தொல்லை” என்று நாம் ஒதுங்கிவிட இயலாது.

கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கலாகாது. 18 வயது நிரம்பாதவர்க்கு எங்குமே விற்கலாகாது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு கூறுகிறது. 2013இல் தமிழக அரசு குட்காவையும் தடை செய்தது. ஆயினும், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலங்கள் மாணவரிடையே பரவுவது குறித்து, 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவிக்க நேர்ந்தது. சட்டம் கடையின் கதவை அடைக்கும். மனத்தின் கதவை அடைப்பது யார்?

இதற்கு எளிய துணை ஒன்று உண்டு. அதுவே கைப்பேசிக் குறுஞ்செய்தி. 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் பிறந்த இச்சாதனம், இன்று மருந்தாகவும் பயன்படுகிறது. 2016இல் இந்திய அரசு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 011-22901701 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால், புகையிலையை விட உதவும் செய்திகள் நம்மைத் தேடி வரும்.

சில சொற்கள் எவ்வாறு உதவும்? புகையிலைக்கான வேட்கை அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் அடங்கிவிடும். சத்திரம் பேருந்து நிலையத்தில் எழுந்த வேட்கை, பேருந்து ஸ்ரீரங்கத்தை அடையுமுன் தணிந்துவிடும்! அந்தச் சில நிமிடங்களில், “தண்ணீர் குடி, சற்றுப் பொறு, இன்றோடு நான்கு நாள் வென்றிருக்கிறாய்” என்று யாரேனும் சொன்னால் போதும். செய்தி திட்டுவதில்லை, பிறர் அறியப் பேசுவதில்லை, வெட்கப்படும் பிள்ளையும் அதைத் தனிமையில் படிக்கலாம்.

அமெரிக்காவில் மின்சிகரெட் பழக்கத்துக்கு ஆளான 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 1503 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு ஊக்கமும் யோசனையும் தரும் செய்திகள் சென்றன. மற்றப் பிரிவினரிடம் பழக்கத்தைப் பற்றி விசாரித்ததோடு சரி. ஏழு மாதங்களுக்குப் பின், முதற் பிரிவில் நூற்றுக்கு 38 பேரும், மற்றதில் 28 பேரும் பழக்கத்தை விட்டிருந்ததாகக் கூறினர். இம்முடிவு 2024இல் வெளியாயிற்று. நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் கூடுதலாக மீள்வது சிறிய காரியமா?

எனினும் செய்தி மட்டுமே போதாது. மனிதக் குரலும் வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை கிடைக்கும். மது, கஞ்சா போன்றவற்றுக்கு 14446 என்ற எண் உண்டு.

பெற்றோரே, “ஏன் செய்தாய்?” என்று கேட்குமுன் “என்னம்மா கஷ்டம்?” என்று கேளுங்கள். அன்புத் தோழியரே, உங்கள் தம்பியோ தோழியோ தடுமாறுவதைக் கண்டால் பழித்துப் பேசாதீர்கள். நம்பிக்கைக்குரிய அன்னையிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். மாலையில் வீட்டுக் கைப்பேசியிலிருந்து, “உனக்கு நான் இருக்கிறேன்” என்று ஒரு வரி அனுப்புங்கள். அவ்வொரு வரி, ஒரு வாழ்வையே காக்கக்கூடும் அல்லவா?